மூணு சுற்றுக்கும் ஒரே திட்டம்: ஃப்ளாப்ல பெட் கட்டும்போதே ரிவரை எப்படி யோசிக்கிறது?

#1 நாலாம்சீட்டு

நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர், 6 பேர் மேசை, கேஷ் கேம், எல்லார் கிட்டயும் 100 பிபி (பிக் பிளைண்ட்: சீட்டு வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் கட்டுற கட்டாயத் தொகை; கட்டுறவருக்கும் அதே பேர்). பட்டன்ல (கடைசியா ஆடுற இடம்) இருந்து 2.5 பிபிக்கு ரெய்ஸ், பிக் பிளைண்ட் மட்டும் கால் (அதே தொகையைக் கட்டினார்). ஃப்ளாப் (முதல் மூணு பொதுச் சீட்டு): கிங் இஸ்பேட், 8 ஆர்ட்டின், 4 ஆர்ட்டின்.

ஃப்ளாப்ல பாட்ல (நடுவுல சேர்ந்த பணம்) மூணுல ஒரு பங்கு கட்டுறதுன்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்க, சரி. அதுக்கு அப்புறம்தான் குழப்பம். டர்ன்ல (நாலாவது சீட்டு) எவ்வளவு? எந்தக் கையோட தொடரணும், எதை விடணும்? ரிவர்ல (அஞ்சாவது, கடைசிச் சீட்டு) ப்ளஃப் (ஒண்ணுமில்லாம கட்டுற கை) எத்தனை இருக்கணும்? ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியா முடிவு பண்ணா ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம போகுது. மூணையும் ஒரே கணக்கா பார்க்க முறை இருக்கா?

#2 கணக்குப்பிள்ளை

முறை இருக்கிறது. பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முதல் கேள்வி: ரிவர் முடியும்போது முழு ஸ்டாக்கும் (கையிருப்பும்) உள்ளே போயிருக்க வேண்டுமா? ஆம் என்றால், மூன்று சுற்றிலும் பாட்டின் அதே சதவீதத்தைக் கட்டினால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்? இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. 2006-இல் பில் சென், ஜெரோட் ஆங்கென்மன் இருவரும் தங்கள் புத்தகத்தில் இந்த மடங்கு வளர்ச்சியை விளக்கியிருக்கிறார்கள்.

மீதி ஸ்டாக்கை இரட்டித்துப் பாட்டோடு கூட்டுங்கள். அதைப் பாட்டால் வகுங்கள். மீதமுள்ள சுற்று மூன்று என்றால் கனமூலம், இரண்டு என்றால் வர்க்கமூலம். அதில் 1-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள். அதுதான் ஒவ்வொரு சுற்றிலும் பாட்டுக்கு எத்தனை பங்கு என்பது.

உங்கள் கையில் பாட் 5.5 பிபி (2.5 + 2.5 + ஸ்மால் பிளைண்டின் 0.5). மீதி 97.5. இரட்டித்துக் கூட்டினால் 200.5. 5.5-ஆல் வகுத்தால் 36.45. கனமூலம் 3.316. ஆக 1.16, அதாவது பாட்டின் 116%.

சரிபார்ப்போம்: ஃப்ளாப்பில் 6.4, பாட் 18.2 ஆகும். டர்னில் 21.1, பாட் 60.5. ரிவரில் 70. கூட்டினால் 97.5. சரியாக வருகிறது.

இப்போது உங்கள் மூன்றில் ஒரு பங்கைப் பாருங்கள். ஃப்ளாப்பில் 1.8 கட்டினால் பாட் 9.1, கையில் 95.7. டர்னில் பாட்டின் 75% என்று 6.8 கட்டினால் பாட் 22.7, கையில் 88.9. ரிவரில் முழு பாட் கட்டினாலும் 66 பிபி வெளியிலேயே நிற்கும். செட் (கையில் ஜோடி, போர்டில் அதே எண் சீட்டு ஒன்று) வைத்திருப்பவருக்கு அது பெரிய இழப்பு. முழுவதையும் தள்ள நினைத்தால் ரிவரில் பாட்டைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு கட்ட வேண்டும்.

சுற்றுகளைத் தனித்தனியாக யோசிக்கும்போது முதலில் உடைவது இதுதான். ஃப்ளாப்பில் சின்னதாகக் கட்டியதன் விலை ரிவரில்தான் தெரியும், அப்போது சரிசெய்ய வழியில்லை.

#3 செக்ரெய்ஸ்

> 116%

கணக்கு சரிதான். ஆனா இதைப் படிச்சிட்டு யாராவது இந்த ஃப்ளாப்ல 116% கட்டப் போயிடக் கூடாது. அந்த எண், கையில ஒண்ணு மிக வலுவானது இருக்கு, இல்ல ஒண்ணுமே இல்லைங்கிற ரேஞ்சுக்கானது (ரேஞ்ச்னா ஒருத்தர்கிட்ட இருக்கக்கூடிய எல்லாக் கைகளும்). நடுத்தரக் கை எதுவும் அதுல இல்ல. பட்டனோட ரேஞ்ச் இந்த ஃப்ளாப்ல அப்படி இல்லையே. கிங்-9, 10-10, ஏஸ்-8, 5-5 எல்லாம் இருக்கு. இதுங்க எல்லாம் சின்ன பெட்டைத்தான் தாங்கும்.

அதே நேரம் ஏஸ்-ஏஸ், கிங்-கிங், ஏஸ்-கிங் பட்டன்கிட்டதான் நிறைய. பிக் பிளைண்ட் இதையெல்லாம் ப்ரீஃப்ளாப்லயே 3-பெட் (ரெய்ஸுக்கு மேல ரெய்ஸ்) பண்ணியிருப்பான். அதனால மொத்த ரேஞ்சும் முன்னால இருக்கு, 33%-ஐ கிட்டத்தட்ட எல்லாக் கையோடயும் கட்டலாம். பிக் பிளைண்ட் கிட்ட இருக்கிற குயின்-9, ஜாக்-6 மாதிரிக் கைகள் 1.8 பிபிக்கே மடங்கிடும். அதுவே லாபம்.

திட்டம் எங்க வருதுன்னா டர்ன்ல. ஃப்ளாப்ல சின்னதா கட்டி எதிராளி கால் பண்ணின பிறகு, ரேஞ்சை ரெண்டாப் பிரிக்கணும். தொடர்ற கைங்க பெருசா கட்டணும், மத்தது செக். உங்க முறையையே டர்ன்ல இருந்து போடுங்க: பாட் 9.1, மீதி 95.7, சுற்று ரெண்டு. வர்க்கமூலம் 4.69, அதாவது 185%. அதான் சோல்வர் (சரியான ஆட்டத்தைக் கணக்குப் போடுற மென்பொருள்) பல டர்ன் சீட்டுல 125, 150-ன்னு ஓவர்பெட் (பாட்டை விடப் பெரிய பெட்) காட்டுது. பார்க்க வினோதமா இருக்கும், ஆனா காரணம் இந்தக் கணக்குதான். ஃப்ளாப்ல குறைச்சதை டர்ன்ல ஈடு கட்டுது.

#4 கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன். 116 என்பதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியே கட்டச் சொல்லவில்லை. அதைவிடக் குறைவாகக் கட்டும் ஒவ்வொரு சுற்றும் பின்னால் வரும் சுற்றுக்குச் சுமையை ஏற்றுகிறது என்பதுதான் சொல்ல வந்தது.

#5 இருபத்தஞ்சுபிபி

3-பெட் பாட்ல எப்பவும் 75-75-75 கட்டுறேன். பெரிய பாட், பெரிய பெட். அதுல என்ன பிரச்சினை?

#6 கணக்குப்பிள்ளை

எண் போட்டுப் பாருங்கள், பிரச்சினை தானாகத் தெரியும். பட்டன் 2.5, பிக் பிளைண்ட் 11-க்கு 3-பெட், பட்டன் கால். பாட் 22.5, மீதி 89.

ஃப்ளாப்பில் 75% = 16.9. பாட் 56.3.
டர்னில் 75% = 42.2. பாட் 140.6.
ரிவருக்கு மிச்சம் 29.9.

140 பிபி பாட்டில் 30 பிபி பெட். எதிராளி 30 கொடுத்து மொத்தம் 200 பாட்டுக்கு ஆடுகிறார், அவர் 15% நேரம் ஜெயித்தால் போதும். டர்னில் 42 கொடுத்து வந்தவர் இதற்கு மடங்க மாட்டார். அதாவது ரிவரில் உங்கள் ப்ளஃபுக்கு வலிமையே இல்லை. தவறிய டிராவோடு (ஒரு சீட்டுக்காகக் காத்திருந்து அமையாத கை) வந்து நிற்கிறீர்கள், 59 பிபி உள்ளே போய்விட்டது, கடைசி அடி அடிக்க ஆயுதம் இல்லை.

அதே இடத்தில் சமமாகப் பிரித்தால் 54% வரும்: ஃப்ளாப்பில் 12.1, டர்னில் 25, ரிவரில் 52. ரிவரில் பாட் 97, அதில் 52. இது எதிராளியை உண்மையிலேயே யோசிக்க வைக்கும் பெட்.

இரண்டே சுற்றில் முடிக்க வேண்டும் என்றால் (ஃப்ளாப்பில் செக், டர்ன், ரிவர்) 99%. 24-க்கு 4-பெட் போன பாட்டில் (பாட் 48.5, மீதி 76) மூன்று சுற்றுக்கு 30%, இரண்டு சுற்றுக்கு 52%.

#7 இருபத்தஞ்சுபிபி

புரியுது. அப்போ டோர்னமென்ட்ல 25 பிபியில இதே கணக்குதானா? பட்டன் 2.2-க்கு ஓப்பன், பிக் பிளைண்ட் ஆன்டி 1 பிபி.

#8 செக்ரெய்ஸ்

அதே கணக்குதான். பாட் 2.2 + 2.2 + 0.5 + 1 = 5.9. பிக் பிளைண்ட் ஆன்டியும் கட்டினதால அவர்கிட்ட மீதி 21.8, அதுதான் எல்லை. மூணு சுற்றுக்கு ஏறக்குறைய 52%, ரெண்டு சுற்றுக்கு 95%. 100 பிபி 3-பெட் பாட்டுக்கும் இதுக்கும் எண் கிட்டத்தட்ட ஒண்ணா வருது பாருங்க. பாட்டுக்கும் ஸ்டாக்குக்கும் உள்ள விகிதம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிங்கிறதாலதான். ஒண்ணை மனப்பாடம் பண்ணா இன்னொண்ணு இலவசம். ரேஞ்ச் மட்டும் வேற: 25 பிபியில பிக் பிளைண்ட் ரொம்பப் பரவலா வருவார். பே-ஜம்ப் (பரிசுத் தொகை ஏறுற இடம்) பக்கத்துல இருந்தா ஐசிஎம் (சிப்பைப் பரிசுப் பண மதிப்பா மாத்துற கணக்கு) அழுத்தமும் சேரும், அப்போ இந்த அளவை அப்படியே எடுக்கக் கூடாது.

இன்னொரு பக்கம் 200 பிபி. அதே 5.5 பாட், மீதி 197.5. மூணு சுற்றுக்கு 159%. 2017 ஜனவரியில பிட்ஸ்பர்க் ரிவர்ஸ் கேசினோவுல, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோட லிப்ராடஸ்ங்கிற செயற்கை நுண்ணறிவு நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரங்களோட 1,20,000 கை ஆடிச்சே, அதுல ஒவ்வொரு கையும் 200 பிபியிலதான் ஆரம்பம். அது கட்டின ஓவர்பெட்டுங்க அப்போ எல்லாரையும் திகைக்க வச்சது. இந்த 159-ஐப் பார்த்தா அது ஏன்னு புரியும்.

#9 மட்டுறுத்துநர்

நல்ல விவாதம், தொடருங்கள். ஒரு நினைவூட்டல்: 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை இருக்கிறது. எந்தத் தளம், எந்த ஆப் என்ற பேச்சு இந்த இழையில் வேண்டாம். ஆட்டக் கணக்கு மட்டும்.

#10 நாலாம்சீட்டு

அளவு புரிஞ்சுது, ரொம்ப நன்றி. இப்போ ரெண்டாவது பாதி: எந்தக் கையோட தொடர்றது? டர்ன்ல ப்ளஃப் எவ்வளவு, ரிவர்ல எவ்வளவு?

#11 ரிவர்வரை

தம்பி, இதுக்கு ஒரு மாதிரிக் கணக்கு இருக்கு. நிஜ ஆட்டம் இவ்வளவு சுத்தமா இருக்காது, ஆனா இது மனசுல பதிஞ்சா மத்ததெல்லாம் சுலபம்.

ரிவர்ல முழு பாட் கட்டினா, எதிராளிக்கு மூணுல ஒரு தடவை ஜெயிச்சா போதும். அதனால பெட் கட்டுற கைகள்ல மூணுல ஒண்ணு ப்ளஃபா இருந்தா, அவர் கால் பண்ணாலும் மடங்கினாலும் ஒண்ணுதான். அரை பாட்டுன்னா நாலுல ஒண்ணு. 75%-ன்னா பத்துல மூணு. ரெண்டு மடங்கு பாட்டுன்னா அஞ்சுல ரெண்டு. பெட் பெருசானா ப்ளஃபும் கூடும். இது பலருக்குத் தலைகீழாப் படும். பெரிய பெட்டுன்னா நல்ல கை மட்டும்னு நினைக்கிறாங்க.

இப்போ மூணு சுற்றும் முழு பாட் கட்டுறதா வச்சுக்கோங்க. ஃப்ளாப்ல 27 கையோட கட்டுறீங்க: 8 வேல்யூ (கால் பண்ணாலும் ஜெயிக்கிற நல்ல கை), 19 ப்ளஃப். டர்ன்ல 18 கை: அதே 8 வேல்யூ, 10 ப்ளஃப். ரிவர்ல 12 கை: 8 வேல்யூ, 4 ப்ளஃப்.

இந்த வரிசையை நல்லா பாருங்க. 19, 10, 4. ஃப்ளாப்ல ப்ளஃப் பண்ணதுல ஒன்பதை டர்ன்ல விட்டுடுறோம், இன்னும் ஆறை ரிவர்ல விட்டுடுறோம். வேல்யூ எட்டும் எட்டாவே கடைசி வரைக்கும் போகுது. சீரான ஆட்டம்னா இதான். ஒவ்வொரு சுற்றுலயும் ப்ளஃபுல ஒரு பங்கை விடணும், முழுசா விடவும் கூடாது, முழுசா தூக்கிட்டுப் போகவும் கூடாது.

ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. ஒருத்தர் ஃப்ளாப்ல 27-ம் கட்டிட்டு டர்ன்ல 10 கையோடதான் தொடர்றார், அதுல எட்டு வேல்யூ. கவனிக்கிற எதிராளி ஃப்ளாப்ல எதை வச்சும் கால் பண்ணுவார், டர்ன்ல செக் வந்ததும் பாட்டை எடுத்துக்குவார், பெட் வந்தா மடங்கிடுவார். இன்னொருத்தர் தவறின டிராவெல்லாம் ரிவர்லயும் தள்ளுவார். 8 வேல்யூவுக்கு 10 ப்ளஃப். அவரை எந்த ஜோடி வச்சாலும் கால் பண்ணலாம்.

#12 செக்ரெய்ஸ்

அண்ணே சொன்னதுக்கு ஒரு திருத்தம் இல்ல, ஒரு சேர்க்கை. நிஜத்துல ஃப்ளாப் ப்ளஃப் எதுவும் சுத்தமான ப்ளஃப் இல்ல. ஃப்ளஷ் டிராவுக்கு டர்ன், ரிவர் ரெண்டும் சேர்த்து 35% வாய்ப்பு இருக்கு. அது விழுந்தா வேல்யூ பக்கம் போயிடும். அதனால எந்தச் சீட்டு விழுந்தாலும் ரெண்டு பக்கமும் ஆள் இருக்கிற மாதிரி டர்ன் கைகளைத் தேர்ந்தெடுக்கணும். இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க.

#13 நாலாம்சீட்டு

அந்த கிங்-8-4 ஃப்ளாப்லயே எண்ணிக் காட்ட முடியுமா? டர்ன் 2 கிளாவர், ரிவர் ஜாக் டைமன்னு வச்சுக்கலாம்.

#14 ரிவர்வரை

எண்ணுவோம். ஃப்ளாப் 1.8, டர்ன் 6.8, ரிவர்ல பாட் 22.7, அதுல முழு பாட் கட்டுறோம்.

இந்த போர்டுல ஸ்ட்ரெயிட் யாருக்கும் கிடையாது, ஃப்ளஷும் கிடையாது. வேல்யூ கை பட்டன் பக்கம்:

கிங்-கிங் 3 காம்போ (அந்தக் கை அமையக்கூடிய விதம்), 8-8 3, 4-4 3. ஏஸ்-ஏஸ் 6. ஏஸ்-கிங் 12 (கிங் ஒண்ணு போர்டுல, மிச்சம் 3, ஏஸ் 4). கிங்-ஜாக் 9. ஒரே சூட்ல கிங்-8, டைமனும் கிளாவரும், 2. மொத்தம் 38.

முழு பாட்டுக்கு ப்ளஃப் வேல்யூல பாதி, அதாவது 19 வேணும்.

தவறின ஆர்ட்டின் டிரா: ஏஸோட குயின், 10, 9, 7, 6, 5, 3 ன்னு ஏழு. குயின்-10, குயின்-9, 10-9, 9-7, 7-6, 7-5, 6-5 ன்னு இன்னொரு ஏழு. ஆக 14. ஆர்ட்டின் இல்லாத ஒரே சூட் 6-5-ல 3 (ரிவர்ல 3 வந்தாலும் 7 வந்தாலும் ஸ்ட்ரெயிட், எட்டு சீட்டு), 7-6-ல 3 (5 வந்தா). மொத்தம் 20.

19 வேணும், 20 இருக்கு. ஏஸ்-குயின் ஆர்ட்டினை செக் பண்ணிடுங்க. ஏஸ்-ஹை-ல அதுதான் பெருசு. எதிராளியோட தவறின டிராவை அது அப்படியே ஜெயிக்கும்.

ப்ளஃபுல எது சிறந்ததுன்னா, ஆர்ட்டின் இல்லாத 6-5, 7-6. ஏன்? கையில ரெண்டு ஆர்ட்டின் வச்சிருந்தா எதிராளிகிட்ட தவறின ஆர்ட்டின் டிரா இருக்கிற வாய்ப்பு குறையுது. மடங்கக் கூடிய கைகளை நாமளே அடைச்சு வச்சிருக்கோம். ஆர்ட்டின் இல்லாத கை அதை அடைக்காது. குறைக்கணும்னா ஏஸ்-ஆர்ட்டின்ல இருந்து குறைங்க, 6-5-ல இருந்து இல்ல.

#15 இருபத்தஞ்சுபிபி

டர்ன்ல 6.8-க்கு பதிலா செக்ரெய்ஸ் சொன்ன 150% கட்டியிருந்தா?

#16 ரிவர்வரை

டர்ன்ல 13.7. ரிவர்ல பாட் 36.4, மீதி 82. ஆல்-இன்னா பாட்டுல 225%. இந்த அளவுக்கு ஏஸ்-ஏஸ், ஏஸ்-கிங் வேல்யூ இல்ல. இதுக்குக் கால் பண்ற கைங்க ரெண்டு ஜோடிக்கு மேலதான். கிங்-கிங், 8-8, 4-4, கிங்-8 சேர்ந்து 11. கிங்-ஜாக்கும் டர்ன்ல இந்த அளவுக்கு வந்திருந்தா இன்னொரு 9. மொத்தம் 20. இந்த அளவுக்கு ப்ளஃப் 14 வரைக்கும் போகலாம். ஏஸ்-கிங்கும் ஏஸ்-ஏஸும் சின்ன அளவுக்கோ செக்குக்கோ போகும்.

இதுல ஒரு எச்சரிக்கை. ரெண்டு அளவு வச்சுக்கிட்டா, ரெண்டுலயும் வேல்யூவும் ப்ளஃபும் இருக்கணும். பெருசு எப்பவும் செட், சின்னது எப்பவும் ஏஸ்-கிங்னு ஆயிட்டா, எதிராளிக்கு சீட்டைத் திருப்பிக் காட்டுறதும் இதுவும் ஒண்ணுதான். ரெண்டு அளவையும் நிர்வகிக்க முடியலன்னா ஒரே அளவு வச்சுக்கோங்க. அதுல இழக்கிறது கொஞ்சம்தான், குழம்பினா இழக்கிறது அதிகம்.

#17 ஃபோல்டன்

மன்னிக்கணும், ஒரு அடிப்படைக் கேள்வி. சின்ன ஸ்டேக் மேசையில எதிராளிங்க இந்தக் கணக்கெல்லாம் பார்க்கிறதே இல்ல. ரெண்டாவது ஜோடி இருந்தாலும் ரிவர் வரைக்கும் கால் பண்றாங்க. 19 ப்ளஃப் எதுக்கு?

#18 செக்ரெய்ஸ்

அங்க 19 வேணாம், குறைங்க. கால் பண்றவனை ப்ளஃப் பண்ணக் கூடாது, அது சரி. ஆனா எவ்வளவு குறைக்கிறோம்னு தெரியணும்னா 19-ங்கிற எண் முதல்ல தெரிஞ்சிருக்கணும். அதோட குறைச்சா மட்டும் போதாது. மறுபக்கம் வேல்யூவை அகலமாக்கணும்: கிங்-10, கிங்-9 எல்லாம் மூணு சுற்றும் கட்டலாம், அளவையும் ஏத்தலாம். ப்ளஃபை மட்டும் வெட்டிட்டு வேல்யூ அப்படியே இருந்தா, அது பாதி வேலைதான்.

இன்னொண்ணு, ஃப்ளாப்லயும் டர்ன்லயும் கால் பண்ற அதே ஆள் ரிவர்ல பெரிய பெட்டுக்கு மடங்கவும் செய்வார். "கால் பண்றவன்"னு ஒரே வார்த்தையில முடிக்காம, எந்தச் சுற்றுல மடங்குறார்னு பாருங்க. டர்ன்ல மடங்குறவருக்கு டர்ன்ல ஒரு தடவை அதிகமா அடிச்சா போதும்.

#19 கணக்குப்பிள்ளை

பிக் பிளைண்ட் ஃப்ளாப்பில் செக்-ரெய்ஸ் (முதலில் செக், நீங்கள் கட்டியதும் ரெய்ஸ்) செய்தால் பழைய திட்டம் செல்லாது, புதிதாகக் கணக்குப் போட வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். 1.8-க்கு எதிராக அவர் 7-க்கு ரெய்ஸ், நீங்கள் கால்: பாட் 19.5, மீதி 90.5. இரண்டு சுற்றுக்கு 110%. டர்னில் ஒரு பாட்டுக்குச் சற்று மேல், ரிவரிலும் அப்படியே, ஸ்டாக் முடிந்துவிடும். நடுத்தர கிங்கோடு ஃப்ளாப் ரெய்ஸைக் கால் செய்யும்போதே இந்த இரண்டு பெட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதுபோல டர்ன் சீட்டும் முக்கியம். இந்த ஃப்ளாப்பில் ஏஸ், குயின், ஜாக், 10 வந்தால் பட்டன் பக்கம் நல்லது. 5, 6, 7 வந்தால் பிக் பிளைண்டுக்கு ஸ்ட்ரெயிட், ரெண்டு ஜோடி எல்லாம் கூடும். அங்கே ஓவர்பெட் குறைந்து செக் கூட வேண்டும். போர்டில் உள்ள சீட்டு ஜோடியானால், குறிப்பாக 8, 4, அதுவும் பிக் பிளைண்டுக்கே சாதகம். ஒரு 8, ஒரு 4 வைத்துக் கால் செய்யும் கை அவரிடம்தான் அதிகம்.

#20 நாலாம்சீட்டு

இதையெல்லாம் மேசைக்கு வெளிய எப்படிப் பயிற்சி பண்றது? சோல்வர் திறந்தா எண்ணுங்க மழையாக் கொட்டுது, எதைப் பார்க்கிறதுன்னு தெரியல.

#21 செக்ரெய்ஸ்

பியோசால்வர் மாதிரி எதுவா இருந்தாலும், மரத்தை (எந்தெந்த பெட் அளவுன்னு பிரியுற கிளைகளை) சின்னதா கட்டுங்க. ஃப்ளாப்ல ஒரே அளவு, 33. டர்ன்ல 75, 150. ரிவர்ல 75, ஆல்-இன். அதுக்கு மேல வேணாம். துல்லியம் பாட்டுல 0.5% வந்தா நிறுத்திடலாம். ஃப்ளாப் மூணு சீட்டு போக 49 டர்ன் சீட்டு இருக்கு; அந்த 49-க்கும் எந்தச் சீட்டுல எவ்வளவு தடவை பெட், எந்த அளவுன்னு ஒரே பக்கத்துல பாருங்க. ஒவ்வொரு கையோட சதவீதத்தையும் மனப்பாடம் பண்ணாதீங்க. ஒரு கை 37% பெட், 63% செக்னு இருந்தா அது உங்களுக்குச் சொல்றது ஒண்ணுதான்: ரெண்டுமே சரி.

சோல்வர் இல்லாமலும் பண்ணலாம். ஒரு தாள், ஒரு சீட்டுக்கட்டு. ஃப்ளாப் போட்டு, பட்டன் ரேஞ்ச்ல வேல்யூ எழுதுங்க. டர்ன் போடுங்க, தொடர்ற டிராவை எழுதுங்க. ரிவர் போட்டு, ரெண்டு பட்டியலையும் எண்ணி விகிதம் பாருங்க. முதல்ல ஒரு போர்டுக்கு இருபது நிமிஷம் ஆகும்.

ஆடின கைகளை மென்பொருள்ல சேமிச்சிருந்தா ஒரே ஒரு வடிகட்டி போதும்: ஃப்ளாப்ல பெட் கட்டி, கால் ஆகி, டர்ன்ல செக் பண்ண கைகள். அந்தக் குவியல்ல ஒரு நல்ல கை கூட இல்லன்னா, உங்க செக் எல்லாம் சரணாகதின்னு எதிராளிக்குத் தெரிஞ்சு போச்சு. கிங்-9, கிங்-7 மாதிரி சிலதை டர்ன்ல செக் பண்ணி ரிவர்ல கால் பண்ண வச்சுக்கணும்.

#22 நாலாம்சீட்டு

பண்ணிப் பார்த்தேன். ரிவர் ஜாக் டைமனுக்கு பதிலா ஜாக் ஆர்ட்டின் போட்டேன். ஃப்ளஷ் எல்லாம் விழுந்துடுச்சு. அண்ணே கொடுத்த 20 ப்ளஃபுல 14 வேல்யூவா மாறிடுச்சு. மிச்சம் ஆர்ட்டின் இல்லாத 6-5, 7-6, ஆறே ஆறு. ஏஸ்-கிங் ஆர்ட்டினோட ஃப்ளஷ் 15, செட் 9, ஆக வேல்யூ 24. ப்ளஃப் 12 வேணும். பாதிதான் இருக்கு. தப்பு எங்க?

#23 ரிவர்வரை

தப்பு ரிவர்ல இல்ல தம்பி, டர்ன்ல. செக்ரெய்ஸ் 12-வது பதிவுல சொன்னது இதுதான். என்னோட பட்டியல்தான் குறை: டர்ன் ப்ளஃப் எல்லாம் ஒரே மாதிரி சீட்டுக்குக் காத்திருக்கு, அது விழுந்ததும் ப்ளஃப் வறண்டுடுச்சு. கவனிக்கிற பிக் பிளைண்ட், ஆர்ட்டின் விழுந்து பெட் வந்தா மடங்கிட்டுப் போயிடுவார்.

டர்ன்ல இன்னும் ஆறு கை சேருங்க: ஏஸ் மட்டும் ஆர்ட்டினா இருக்கிற ஏஸ்-5, ஏஸ்-3. ஏஸ் ஆர்ட்டினோட 5 இஸ்பேட், டைமன், கிளாவர் மூணு. 3-லயும் அதே மூணு. டர்ன் 2 வந்ததும் ஏஸ்-5-க்கு ஒரு 3, ஏஸ்-3-க்கு ஒரு 5 வந்தா ஸ்ட்ரெயிட். அதனால டர்ன்ல கட்ட நியாயம் இருக்கு. ஆர்ட்டின் ரிவர்ல விழுந்தா ஏஸ் ஆர்ட்டின் உங்க கையில, பெரிய ஃப்ளஷ் எதிராளிகிட்ட இருக்க முடியாது. ஆறும் ஆறும் 12. உங்களுக்கு வேண்டிய எண் அதுதான்.

ரிவர் ஜாக் டைமனா இருந்தா இந்த ஆறும் சேர்ந்து 26 ஆகும். அங்க இந்த ஆறையும் ஏஸ்-குயினோட சேர்த்து செக் பண்ணிடுங்க, 19 அப்படியே நிக்கும்.

#24 நாலாம்சீட்டு

அதே 5, 3-ஐ ஏஸ் இஸ்பேடோட எழுதியிருந்தேன், அதான் வேலை செய்யல. ஏஸ் ஆர்ட்டினா மாத்திட்டேன். அடுத்து டர்ன் 7 டைமன் போட்டு எண்ணப் போறேன்.

#25 கணக்குப்பிள்ளை

அதில் முதலில் 6-5-ஐ வேல்யூ பட்டியலுக்கு மாற்றுங்கள். 4-5-6-7-8.